பட்டினமும் பாலையும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையை வகுப்பிலே தொடங்கும்போதெல்லாம் மாணவர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, பட்டினம் என்றால் செழித்த நகரம், பாலை என்றால் வறண்ட நிலம். இரண்டும் எப்படி ஒரு பெயரில் இணைந்தன?" பாலை என்பது ஈண்டு நிலத்தை அன்று, பிரிவு என்னும் ஒழுக்கத்தைக் குறிக்கின்றது என்று நான் விடை சொல்வேன். பட்டினத்தையே பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்லும் பாட்டு அது என்று விளக்குவேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இந்த விடை எனக்குப் போதியதாக இருந்தது. நிலத்தாலும் பாலை, பிரிவாலும் பாலை, அதன்மேலே ஒரு பெரும் பட்டினம் என ஓரூர் மெய்யாகவே இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

அவ்வூர் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகஸ். என் பழைய மாணவி ஒருத்தி அங்கே முதுமாணிப் படிப்புக்குச் சென்றிருக்கின்றாள். அவள் போனதைப் பற்றியும், போவதை நான் முதலிலே தடுத்ததைப் பற்றியும், அதனால் நான் கற்ற பாடத்தைப் பற்றியும் சொல்ல நினைக்கின்றேன். பிள்ளைகளைப் பிறதேசத்துக்கு அனுப்பும் பெற்றோரும், அவர்களுக்குப் புத்தி சொல்லும் ஆசிரியரும் இதனைக் கேட்பது நன்று.

ஒரு நாள் மாலை அவளுடைய தகப்பனார் என் வீட்டுக்கு வந்தார். செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்கின்ற தோட்டக்காரர். கையிலே ஒரு கடிதம்.

"பண்டிதர் ஐயா, பிள்ளைக்கு அமெரிக்காவிலே மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிப்புச் செலவை அவர்களே பொறுப்பார்களாம். ஆனால் ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதன்படி நடப்போம்" என்றார்.

ஊர் எது என்று கேட்டேன். சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் நாணம் வருகின்றது.

"அது சூதாடும் ஊர். இரவைப் பகலாக்கிப் பணத்தைத் தொலைக்கும் ஊர். படிக்கப் போகிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? வேறிடத்துக்கு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. கடிதத்தை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நளன் கதையும் தருமன் கதையும் ஆண்டுதோறும் படிப்பிக்கின்ற வாய் இது. சூது என்ற சொல் காதில் விழுந்ததும் தீர்ப்புத் தானாகவே வெளிவந்துவிட்டது. ஒரு பிள்ளையின் வழியை அடைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள் கழித்து வாசிகசாலையிலே முதிய நண்பர் ஒருவர் என்னைப் பாராட்டினார். "நீர் சொன்னது சரி. கடற்பயணத்திலே பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கமே இல்லை என்பது தொல்காப்பியம். அப்படியிருக்க ஒரு பெண் தனியே கடல் கடப்பது எவ்வாறு தகும்?" என்றார்.

அந்தப் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை. தொல்காப்பியர் சொல்வது அகப்பாட்டிலே தலைவன் பிரிவைப் பாடுகின்ற மரபு; ஊரிலுள்ள பெண்களுக்கு இட்ட சட்டம் அன்று என்றேன். அந்தத் தொல்காப்பியமே பிரிவின் காரணங்களைச் சொல்லத் தொடங்கும்போது ஓதலை முதலில் வைக்கின்றது. பகையும் தூதும் அதன் பின்னரே வருகின்றன என்றேன். பொருள் தேடிக் கடல் கடந்தவரை எல்லாம் மெச்சுகின்ற நாம், கல்வி தேடிக் கடப்பவரை மறிக்கலாமா என்றும் கேட்டேன்.

கேட்ட பிறகுதான், அந்தக் கேள்வி எனக்கே உரியது என்பது விளங்கிற்று. அவரை மறுத்துக்கொண்டு வந்த நான் என்னையும் மறுத்திருந்தேன். ஓதற்பிரிவுக்கு இலக்கணம் சொல்பவன், ஓதுவதற்குப் போகும் பிள்ளையைத் தடுத்தது எவ்வாறு? எந்த ஊருக்குப் பிரியலாம், எந்த ஊருக்குப் பிரியலாகாது என்று இலக்கண நூல் விதிக்கவில்லை. எதற்காகப் பிரிவு என்பதே அங்கே கேள்வி. நானோ அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பிள்ளை என்ன படிக்கப் போகின்றாள் என்றுகூட விசாரியாமல் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

மறுநாட் காலை ஆளனுப்பி அவளை அழைத்தேன்.

"பிள்ளை, நீர் அங்கே என்ன படிக்கப் போகிறீர்?"

"தண்ணீர், ஐயா. நிலத்தடித் தண்ணீர்."

"பாலைவனத்திலே போய்த் தண்ணீர் படிக்கவா?"

"தண்ணீர் நிறைந்த ஊரிலே அதை யார் ஐயா எண்ணப் போகிறார்கள்?"

எனக்கு அதற்கு மேல் வாதமில்லை. அன்று ஒரு மணி நேரம் அவள் பேசினாள், நான் கேட்டேன். அவள் சொன்னவற்றையும், பின்னர் நானே தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகின்றேன்.

லாஸ் வேகஸ் என்பது ஸ்பானிய மொழிச் சொல். புல்வெளிகள் என்பது அதன் பொருள். நிலத்தடியிலிருந்து ஊற்றுநீர் பொங்கி ஓடியமையால் பாலையின் நடுவே பசும்புல் விளைந்த இடம் அது. பையூட் என்னும் பழங்குடியினர் அந்த ஊற்றுக்களை நம்பி வாழ்ந்தனர். 1829ஆம் ஆண்டிலே மெக்சிக்கோ வணிகக் கூட்டம் ஒன்று வழி தேடி அப்பக்கம் வந்தது. 1855இலே மோர்மன் சமயத்தார் அங்கே ஒரு கோட்டை கட்டினர். 1905ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி புகையிரதக் கம்பனி காணிகளை ஏலத்தில் விற்றது, நகரம் பிறந்தது. புகையிரதத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஊற்று இருந்தபடியால் நிலையம் வந்தது. நிலையம் வந்தபடியால் ஊர் வந்தது.

1931ஆம் ஆண்டிலே இரண்டு காரியங்கள் நடந்தன. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டத்தால் அனுமதித்தது. அதே ஆண்டில், கொலராடோ ஆற்றை மறிக்கும் ஹூவர் அணையின் வேலை தொடங்கியது. உலகம் முதலாவதை மாத்திரம் அறியும். நகரம் உயிரோடிருப்பது இரண்டாவதனால்.

நகரம் வளர வளர நிலத்தடி நீரை இறைத்தார்கள். 1962ஆம் ஆண்டளவிலே பழைய ஊற்றுக்கள் நிலமட்டத்தில் ஓடுவதை நிறுத்திவிட்டன. புல்வெளி என்று பெயர் பெற்ற இடத்திலே புல்லுக்கு நீரூட்டிய ஊற்று இல்லாது போயிற்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவம் கொள்ளும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தில் எத்தனையோ முறை படிப்பித்திருக்கின்றேன். பாலைக்குத் தனி நிலம் இல்லை. நல்ல நிலம் கெட்டால் பாலை என்பது அதன் சாரம். அதனைக் கோடையின் கொடுமை என்றே இதுவரை விளக்கி வந்தேன். மனிதர் இறைத்தும் நிலம் பாலையாகலாம் என்று என் மாணவி எனக்கு உரை சொன்னாள்.

அவள் சேர்ந்த பல்கலைக்கழகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூதாட்ட மாளிகைகள் நிறைந்த அந்தப் பேர்பெற்ற வீதிக்குக் கிழக்கே இரண்டு மைலுக்குள் அது அமைந்திருக்கின்றது. சட்டப்படி பார்த்தால் அவ்வீதியின் பெரும்பகுதியும் பல்கலைக்கழகமும் லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள் இல்லை. அவை பரடைஸ் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. சுவர்க்கம் என்பது அதன் பொருள். சூதும் கல்வியும் ஒரே சுவர்க்கத்திலே அயல் வீடுகளாக இருக்கின்றன. நெவாடாப் பல்கலைக்கழகத்தின் தெற்குக் கிளையாக 1957இலே அவ்விடத்திலே தொடங்கி, 1968இலே தனியாட்சி பெற்று, 2018ஆம் ஆண்டின் இறுதியிலே அமெரிக்காவின் முதல்வரிசை ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றாக வகுக்கப்பட்டது அது.

இலக்கிய அன்பர்களுக்கு இன்னொரு செய்தி. 1986ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்ற நைஜீரிய நாடகாசிரியர் வோலே சொயின்கா அங்கே பேராசிரியராக இருந்து படிப்பித்தவர். தம் நாட்டிலே அஞ்சாமல் எழுத இயலாத எழுத்தாளருக்கு ஒரு நகரம் வீடும் படியும் கொடுத்துப் புகலிடம் அளிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அமெரிக்காவிலே அவ்வேற்பாட்டில் முதலிற் சேர்ந்த நகரம் லாஸ் வேகஸ். சியரா லியோன் நாட்டுக் கவிஞர் சில் செனி-கோக்கர் அங்கே புகலிடம் பெற்றார். எழுத்தாளர் ஊர்விட்டு ஊர் போகும் துயரத்தை நம்மவர் நன்கு அறிவர். சூதாடும் ஊர் என்று நான் சிரித்த ஊர், கவிஞன் ஒருவனுக்குக் கதவைத் திறந்த ஊர்.

இதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. மணிமேகலையைப் படித்தவர் புகார் நகரத்தை அறிவர். இந்திர விழாவுக்காக நகரத்தை அலங்கரிக்கும்படி முரசறைந்து சொல்பவன், வாதம் செய்ய வல்ல அறிஞரைப் பட்டிமண்டபத்துக்கு வரும்படியும் அதே முரசினாலேயே அழைக்கின்றான். யவனர் முதலாகப் பல தேசத்தவர் கூடிய பட்டினம் அது. கள்ளும் உண்டு, கணிகையரும் உண்டு, களியாட்டும் உண்டு. அவற்றோடு கல்வியும் உண்டு. விழாவுக்கு வந்தவர் விழாவைக் கண்டு போயினர். பட்டிமண்டபத்துக்கு வந்தவர் அறிவைக் கொண்டு போயினர். ஊர் ஒன்றுதான்; வந்த நோக்கம் வேறு.

லாஸ் வேகஸுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நான்கு கோடி உல்லாசப் பிரயாணிகள் வருகின்றார்கள். ஓரிரு நாள் தங்கி, விளக்கைப் பார்த்து, பணத்தை இழந்து, ஊருக்குத் திரும்பிக் கதை சொல்கின்றார்கள். அந்தக் கதையே நம் காதுக்கு வருகின்றது. அவ்வூரை உள்ளடக்கிய கிளார்க் கவுண்டியில் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி 22 இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடியிருந்தனர். அவர்கள் கதை நமக்கு வருவதில்லை. பிரயாணி உறங்கிய படுக்கையை விரிப்பவரும், அவன் உண்ட கோப்பையைக் கழுவுபவரும், விடியற்காலையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவரும் அவர்களே. அவர்களுடைய பிள்ளைகள் பலர் அந்தப் பல்கலைக்கழகத்திலே படிக்கின்றார்கள். தம் குடும்பத்திலே முதன்முதல் பல்கலைக்கழகம் புகுந்தவர்களும் அவர்களுட் பலர். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளை மாத்திரம் கண்டு போகின்றவன் யாழ்ப்பாணத்தை அறிவானா? ஐஸ்கிறீம் கடையும் காவடியுமே யாழ்ப்பாணம் என்று அவன் சொன்னால் நமக்குக் கோபம் வராதா? நான் செய்ததும் அதுதான்.

ஆகையால் தகப்பனாரைத் தேடி நானே போனேன். போகட்டும் என்றேன். முன்பு சொன்னது பிழை என்றும் சொன்னேன். ஆசிரியன் பிழை என்று சொல்வது கடினம். சொல்லாமல் இருந்தால் அதன் பாரத்தைப் பிள்ளை சுமக்க நேரும்.

தாயாரின் அச்சம் வேறு. 2023ஆம் ஆண்டு மார்கழி மாதம் 6ஆந் திகதி அப்பல்கலைக்கழகத்திலே ஒருவன் துப்பாக்கியால் சுட்டு ஆசிரியர் மூவர் இறந்தனர். அச்செய்தியை யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். யுத்த காலத்தை இங்கே கழித்த தாய்க்கு வெடிச்சத்தம் என்பது செய்தியன்று, நினைவு. அவருக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் சொல் இல்லை. "எந்த ஊரில் அம்மா பயமில்லை?" என்று மகளே கேட்டாள். தாய் அழுதபடியே பெட்டி அடுக்கினார்.

ஆவணியிலே அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் எழுதுவனவற்றைக் கடிதம் என்று சொல்கின்றேன். தபாற்காரன் கொண்டு வருவதில்லை. என் மகனுடைய கைத்தொலைபேசிக்கு வருகின்றன. அவன் கடதாசியில் அச்சிட்டுத் தருகின்றான். முதற் கடிதம் வெயிலைப் பற்றியது. அந்நகரத்தின் வெயில் 2024ஆம் ஆண்டு யூலை 7ஆந் திகதி 120 பாகை பரனைற்றை எட்டியது. அங்கே அதுவரை பதிவானவற்றுள் அதுவே மிகக் கூடியது. அவ்வாண்டிலே கிளார்க் கவுண்டியில் வெப்பத்தின் காரணமாக 500க்கு மேற்பட்டோர் இறந்தனர். விளக்கு வீதியின் பிரயாணி குளிரூட்டிய மண்டபத்திலே இதனை அறியான். பஸ் தரிப்பிலே நிற்கும் மாணவி அறிவாள். பாலைத்திணைப் பாட்டுக்களிலே நிழலற்ற வழியும் நீரற்ற சுனையும் வரும்போது கற்பனை மிகுதி என்று தான் எண்ணியிருந்ததாகவும், இனி அவ்வாறு எண்ணமாட்டாள் என்றும் எழுதியிருந்தாள்.

விமான நிலையத்திலே இறங்கியவுடன் சூதாட்ட இயந்திரங்கள் கண்ணிற் பட்டனவாம். அரிசி வாங்கப் போன கடையிலும் அவை இருந்தனவாம். அவற்றின் முன்னே ஒரு கிழவி காசு போட்டுக்கொண்டு இருந்ததைக் கண்டு, தன் அம்மம்மாவை நினைத்து மனம் வருந்தியதாக எழுதினாள். ஊரவர் அஞ்சியபடி அவள் அந்த இயந்திரத்தின் அருகே போகவில்லை. போவதற்குப் பணமும் இல்லை. ஆராய்ச்சி உதவியாளராகக் கிழமைக்கு இருபது மணி நேரம் வேலை செய்து பெறும் படியிலே பாதிக்கு மேல் அறை வாடகைக்குப் போகின்றது. மாணவராகப் போனவர் விரும்பியபடி வெளியே வேலை செய்யவும் அந்நாட்டுச் சட்டம் இடங்கொடாது. உலகம் செலவழிப்பதற்கு வரும் ஊரிலே எண்ணி எண்ணிச் செலவழிப்பதும் ஒரு கல்விதான்.

என்னை உறங்கவிடாத கடிதம் அதன் பின்னே வந்தது. அது தண்ணீரைப் பற்றியது.

அவ்வூரிலே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 அங்குல மழையே பெய்கின்றது. குடிநீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து, ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரி வழியாக வருகின்றது. அவ்வாற்றைப் பங்கிட்டுக்கொண்ட ஏழு மாநிலங்களுள் நெவாடாவின் பங்கே சிறியது. ஆகவே அவர்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டினுள்ளே குளித்த நீர், கழுவிய நீர், மாளிகை விடுதிகளில் இலட்சம் பேர் பயன்படுத்திய நீர் யாவும் சுத்திசெய்யப்பட்டு அநேகமாக முழுவதும் ஏரிக்கே திரும்புகின்றது. திருப்பிக் கொடுத்த அளவுக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒழுங்கு. வெளியே மண்ணில் ஊற்றிய நீர்தான் திரும்பாது. ஆதலால் அழகுக்கு வளர்த்த புல்லைப் பிடுங்குவோருக்குச் சதுர அடிக் கணக்கிலே பணம் கொடுக்கின்றார்கள். யாரும் நடவாத அலங்காரப் புல்லுக்கு 2027ஆம் ஆண்டு தொடக்கம் ஆற்றுநீர் பாய்ச்சலாகாது என்று 2021இலே சட்டமும் செய்தார்கள். தெருவிலே நீரை வழியவிடும் வீட்டைத் தேடிப் பிடித்துத் தண்டம் விதிக்கவும் ஆட்கள் உண்டு. 2002ஆம் ஆண்டின் பின்னர் சனத்தொகை பெருகியும், அவர்கள் ஆற்றிலிருந்து செலவிடும் நீர் குறைந்திருக்கின்றது.

இவற்றை எழுதி, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள். "ஐயா, இந்த ஊர் எல்லாவற்றிலும் சூதாடுகிறது, தண்ணீரிலே மட்டும் பயந்து பயந்து கணக்குப் பார்க்கிறது."

நமது குடாநாட்டிலே ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை பெய்கின்றது. அதில் பெரும்பகுதி மாரியின் இரண்டு மூன்று மாதத்துக்குள்ளே வந்து போகின்றது. வற்றாத ஆறு நமக்கு இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்து ஆறே. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலே தங்கும் நீரும், அதைத் தொடும் கிணறுமே நமக்குக் கதி. துலா மிதித்த காலத்தில் மனிதனுடைய காலும் கையும் இறைப்புக்கு எல்லை வகுத்தன. இயந்திரம் வந்தது. இறைப்பவனுக்கு நோவில்லை; ஆகவே இறைப்புக்கு எல்லையும் இல்லை. நன்னீர் குறைந்த இடங்களிலே உவர் ஏறுகின்றது. தோட்டத்துக்கு இட்ட பசளையின் நைத்திரேற்றுக் கிணற்றுக்கு வந்து சேர்கின்றது. மழைநீரை நிலத்துக்குள்ளே இறக்கிய கேணிகளிலும் குளங்களிலும் சிலவற்றைக் குப்பையால் நிரப்பினோம். சிலவற்றின்மேலே வீடு கட்டினோம்.

சீட்டுக்கட்டைத் தொடாத ஒழுக்கம் உடையவர் நாம். ஆனால் அடுத்த மாரி தவறாமல் பெய்யும் என்று பந்தயம் வைத்து, ஒவ்வொரு கோடையிலும் கிணற்றை இறைக்கின்றோம். நளன் தன் நாட்டை வைத்து ஆடினான். நாம் பிள்ளைகளின் கிணற்றை வைத்து ஆடுகின்றோம். எது சூதாடும் ஊர் என்ற கேள்விக்கு நான் முன்பு சொன்ன விடையை இப்பொழுது சொல்லத் துணியேன்.

அவ்வூரைப் புகழ்வது என் நோக்கமன்று. அவர்களும் குற்றமற்றவர் அல்லர். 1922ஆம் ஆண்டின் உடன்படிக்கை, கொலராடோ ஆறு நெடுங்காலம் தரக்கூடியதற்கு மேலாகவே அதனைப் பங்கிட்டுவிட்டது. 2022ஆம் ஆண்டு யூலையிலே மீட் ஏரி, முதன்முதல் நிரம்பிய 1930களின் பின்னர் கண்டறியாத அளவுக்குத் தாழ்ந்தது. பாலையிலே புதிய வீடுகள் இன்னும் எழுந்துகொண்டே இருக்கின்றன. அதுவும் பெரும் பந்தயமே. எனினும் தவறியவன் தன் தவறைக் கணக்கிட்டு எழுதி வைத்தால், பின்வருபவனுக்கு அது பாடப் புத்தகம். 1980களின் பிற்பகுதியிலிருந்து, வற்றிய நிலத்துக்குள்ளே ஆற்றுநீரைத் திருப்பிச் செலுத்திச் சேமிக்கவும் அவர்கள் பழகியிருக்கின்றார்கள். அதன் நுட்பத்தையே என் மாணவி படிக்கின்றாள். நமது சுண்ணாம்புக் கல்லிலே மாரி மழையை அவ்வாறு இறக்க முடியுமா, எங்கே முடியும், எங்கே கெடுதி என்பதை அறிவதே அவள் விருப்பம்.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கல்விக்காகப் பிரிந்தவன் மூன்றாண்டுக்கு மேல் பிரிந்திருத்தலாகாது என்று தொல்காப்பியர் கற்பியலிலே எல்லை வகுத்திருக்கின்றார். முதுமாணிப் படிப்பு இரண்டாண்டில் முடியும், எல்லைக்குள் அடங்கும். ஆனால் கலாநிதிப் பட்டத்துக்கும் தொடர்ந்து படிக்கும்படி அங்கே அவளை ஊக்குகின்றார்கள். அதற்கு இன்னும் நான்கைந்து ஆண்டு செல்லும். சென்ற மாதம் தகப்பனார் மறுபடியும் வந்தார். "ஐயா, பிள்ளை திரும்பி வருவாளா?" என்று கேட்டார்.

நம் நாட்டிலே இந்தக் கேள்வியை எத்தனை முற்றங்களில் கேட்கின்றார்கள்! போகும்போது மாலை போடுகின்றோம். வராவிட்டால் நன்றி கெட்ட பிள்ளை என்கின்றோம். இடையிலே, "நீ என்ன படித்தாய்? எங்களுக்கும் சொல்" என்று கேட்பவர் எத்தனை பேர்? சம்பளம் எவ்வளவு, குளிர் எவ்வளவு, கார் வாங்கியாயிற்றா என்று கேட்கின்றோம். கல்வியைக் கேட்பதில்லை. கேளாத ஊருக்குக் கல்வி எவ்வாறு திரும்பி வரும்?

மூன்றாண்டு என்ற எல்லையைப் பிரிந்தவருக்கே உரியது என்று நாம் கொள்கின்றோம். இருப்பவருக்கும் அதிலே பங்குண்டு என்பது என் கருத்து. அகப்பாட்டில் இருப்பவர் வெறுமனே இருப்பதில்லை. வருபவனுக்கு இல்லத்தைக் காத்து இருக்கின்றார். தண்ணீரைப் படித்த ஒருத்தி திரும்பினால் இருந்து வேலை செய்ய நாம் காத்து வைத்த இல்லம் எது? கிணறுகளின் கணக்கு நம் கிராமங்களில் இருக்கின்றதா? அவள் சொன்னால் கேட்கத் தோட்டக்காரர் சங்கம் ஆயத்தமா? வாசிகசாலையிலே ஒரு மாலை அவளுக்கு ஒதுக்குவோமா? இவை இல்லாமல் அவளை வா என்று அழைப்பது, நெருப்பு மூட்டாத அடுப்படிக்கு விருந்தழைப்பது போன்றது.

இதைப் பிறருக்கு மாத்திரம் சொல்லி விடலாகாது என்று, எங்கள் கல்லூரி மாணவருடன் ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கின்றேன். அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும், நுனியில் ஒரு கல்லும், வேறு செலவில்லை. அயலிலுள்ள பன்னிரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுகின்றோம். எப்படி அளக்க வேண்டும், எந்த நேரத்தில் அளக்க வேண்டும் என்று அவளே தமிழில் எழுதி அனுப்பினாள். எழுதும்போது தமிழ்ச் சொல் வேண்டி எனக்குக் கேள்வி அனுப்புவாள். நீரைத் தாங்கும் கற்படைக்கு நான் நிகண்டைப் புரட்டிச் சொல் தேடிக்கொண்டிருக்க, கல்லிலே நீர் புறப்படும் இடத்துக்கு ஊற்றுக்கண் என்று அவள் தகப்பனார் சட்டென்று சொன்னார். அந்தச் சொல்லையே அவள் எடுத்துக்கொண்டாள். அறிவு இவ்வாறும் போய் வரலாம்.

தகப்பனாருக்கு நான் சொன்ன விடை இது: "வருவாள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வந்தால் அவளுக்கு இங்கே வேலை இருக்கும்படி செய்வோம். அது எங்கள் கையில்." அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தம் தோட்டத்துக் கிணற்றையும் கணக்கில் சேர்க்கும்படி கேட்டார்.

சேர்த்திருக்கின்றோம். சென்ற வெள்ளிக்கிழமை அதை அளந்தபோது, நீர் முந்திய மாதத்திலும் இரண்டடி தாழ்ந்திருந்தது. பதின்மூன்று கிணறுகளின் கணக்கும் அன்றிரவே பாலைநிலத்துப் பட்டினத்துக்குப் போயிற்று.